"சுருட்டுக் கொட்டில் எப்ப வரும்?" – வாசகர் கேள்விகளும் என் பதில்களும்

சிறுகதைத் தொகுப்பு அச்சகத்துக்குப் போய்விட்டது, நாவல் இன்னும் மேசையில்தான் கிடக்கிறது என்று சொன்னதிலிருந்து கேள்விகள் வந்துகொண்டே இருக்கின்றன. தனித்தனியாகப் பதில் எழுதப் போனால் நாவல் மேசையிலேயே கிடந்துவிடும். அதனால் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து இங்கே பதில் சொல்கிறேன். கேட்டவர்களின் பெயர்களை விட்டுவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

மானிப்பாய்: ரீச்சர், சுருட்டுக் கொட்டில் நாவல் எப்ப வரும்? போன வருசமும் "அடுத்த வருசம்" என்றுதானே சொன்னீர்கள்?

இந்தமுறை வருசமே சொல்லப்போவதில்லை. கதை முழுவதும் எழுதி முடிந்துவிட்டது. இப்போது திருத்தி எழுதுகிறேன், பாதி தாண்டியாயிற்று. 1930களில் கொக்குவிலில் நடக்கும் முதற் பகுதி எனக்குத் திருப்தி. இடைப்பகுதி பரவாயில்லை. மாட்டிக்கொண்டு நிற்பது கடைசிப் பகுதியில். மாத்தறையில் சுருட்டுக்கடை வைத்திருந்த பெரியப்பா தமிழருக்கு எதிரான 1958 கலவரத்தில் கடையைப் பறிகொடுத்துவிட்டு ஊருக்கு வந்து இறங்குகிறார். நான் எழுதி வைத்திருக்கிறபடி, வந்த அன்றே திண்ணையில் இருந்து எல்லாவற்றையும் விபரமாகச் சொல்லிவிடுகிறார். அப்படி வந்த எத்தனை பேர் வாய் திறந்தார்கள்? எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் அந்த மனிதர் சாகும்வரை கடையைப் பற்றிக் கதைக்கவில்லை, கடைச் சாவியை மட்டும் வைத்திருந்தார். பெரியப்பாவின் வாயை மூடிவிட்டு அதே விசயத்தை வாசகருக்குக் கொண்டுவர வேண்டும். அதற்குத்தான் இவ்வளவு நேரம் எடுக்கிறது.

அதற்கு முதல் தொகுப்பு வருகிறது. "கதியால் பூக்கும் மாதம்", 11 கதைகள், 168 பக்கம். கதியால் என்றால் வேலிக்கு நடுகிற, துளிர்க்கும் தடி. நல்லூர்த் திருவிழா முடிந்த பிறகு வெளியீடு. அந்த 25 நாளும் மண்டபம் கிடைத்தாலும் ஆள் கிடைக்காது.

கோப்பாய்: நான் பல்கலைக்கழக மாணவி. சுருட்டுக் கொட்டிலில் ஒருவர் இருந்து பத்திரிகை வாசிக்க, மற்றவர்கள் கேட்டுக்கொண்டே சுருட்டுச் சுற்றுவார்கள் என்று ஒரு பேச்சில் சொன்னீர்கள். உண்மையா, கதைக்காகச் சொன்னதா?

உண்மைதான் பிள்ளை. அந்த ஒரு விசயம் காதில் விழுந்திராவிட்டால் இந்த நாவலே இல்லை.

கொட்டில் என்றால் கிடுகு வேய்ந்த நீளமான இடம். வரிசையாகத் தொழிலாளர்கள் இருப்பார்கள். கூலி எண்ணிக்கைக்கு, அதனால் எழும்பித் திரிய முடியாது. கை ஓடிக்கொண்டே இருக்கும், காது சும்மா இருக்கும். வாசிக்கத் தெரிந்த ஒருவர் நடுவில் இருந்து உரத்த குரலில் வாசிப்பார். பத்திரிகை மட்டுமில்லை, நாவலும் புராணக் கதையும் வாசிப்பார்கள். பள்ளிக்கூடப் படியே மிதிக்காத ஒருவர் உலகப் போரின் போக்கைப் பற்றிச் சந்தியில் நின்று வாதாடியது இப்படிக் கேட்ட கேள்வி ஞானத்தால்தான்.

காலத்தையும் கவனியுங்கள். சுன்னாகத்தில் இருந்து ஈழகேசரி வரத் தொடங்கியது 1930 இல். கொழும்பில் வீரகேசரியும் அதே ஆண்டு, தினகரன் 1932. கேட்பதற்கு ஆள் இருந்தது, வாசிப்பதற்குத் தாளும் வந்தது. என் நாவலின் வாசிப்புக்காரன் சின்னத்தம்பி அந்த நேரத்தில்தான் பன்னிரண்டு வயதுப் பொடியனாகக் கொட்டிலுக்குள் வருகிறான். கொஞ்சக் காலத்தில் ஒரு திருட்டு வேலை தொடங்குகிறான். தொடர்கதையில் தனக்குப் பிடிக்காத இடம் வந்தால் தாளில் இல்லாததைச் சொந்தமாகச் சேர்த்து வாசிக்கிறான். மிச்சத்தைச் சொல்லமாட்டேன்.

கியூபாவின் சுருட்டுத் தொழிற்சாலைகளிலும் 1860களிலேயே இப்படி வாசிப்பவர்கள் இருந்தார்கள். கொக்குவில்காரர் யாரும் ஹவானா போய்ப் பார்த்துவிட்டு வந்து தொடங்கவில்லை. கைவேலை செய்யும் கூட்டம் நாள் முழுக்க ஒரே இடத்தில் இருந்தால் இப்படி ஒரு வழக்கம் தானாகவே வந்துவிடும் போலிருக்கிறது.

ஆய்வுக்கு வேண்டுமென்றால் நூலகம் நிறுவனத்தின் எண்ணிம நூலகத்தில் இருந்து தொடங்குங்கள். 2005 இல் இருந்து ஈழத்துப் பழைய பத்திரிகைகளையும் நூல்களையும் சேர்த்து வருகிறார்கள், காசில்லாமல் வாசிக்கலாம். 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறக்குறைய 97,000 நூல்கள் போயின. ஈழநாடு பத்திரிகைக் காரியாலயமும் அதே நாட்களில்தான் எரிக்கப்பட்டது. இருந்திருந்தால் நானும் நீங்களும் சைக்கிளில் போய் எடுத்துப் பார்த்திருக்கக்கூடியவை அவை.

கொக்குவில்: பிள்ளை, நான் எண்பது தாண்டினவன். சுருட்டைப் பற்றி எழுதுகிறவர்கள் ஒரு இலையைக் கையால் தொட்டும் பார்த்திருக்கமாட்டார்கள். நீர் பார்த்தீரா?

பார்த்தேன் ஐயா. உங்கள் ஊரிலேயே, உங்களைவிட இரண்டு மூன்று வயது கூடிய ஒருவர், இளவயதில் கொட்டிலில் இருந்தவர், எனக்காக ஒருநாள் சுற்றிக் காட்டினார். கோடா என்ற பாணியைப் போட்டுப் பதமாக்கிய புகையிலையை மடியில் விரித்து, நடு நரம்பை ஒரே இழுப்பில் உரித்தெடுத்தார். உள்ளுக்கு வைக்கும் தூளை விரலாலேயே நிறுத்தார், தராசு தேவைப்படவில்லை. உருட்டி முடித்ததும் சின்னக் கத்தியால் நுனியை வெட்டிப் பசை தொட்டு ஒட்டினார். கண் பார்வை குறைந்த மனிதர், கையைப் பார்க்கவேயில்லை, என்னுடன் கதைத்துக்கொண்டே செய்தார். அந்தக் கறுப்பு இரண்டு தரம் சவர்க்காரம் போட்டும் விரலைவிட்டுப் போகவில்லை. "இந்தக் கையால பேப்பரைத் தொட விடமாட்டினம். வாசிக்கிறவன் மட்டும்தான் தொடலாம்" என்றார். அந்த ஒரு வரியில் இருந்து மூன்று அத்தியாயம் எழுதினேன்.

புகைக் குடிலில் பொச்சுமட்டை போட்டு இலையைப் பதப்படுத்துவது பற்றி இன்னும் கேட்க வேண்டியிருக்கிறது. உங்களிடம் வரலாமா?

வவுனியா: அக்கா, என்னிடம் ஒன்பது சிறுகதைகள் இருக்கின்றன. புத்தகமாக்க என்ன வழி? இங்கே பதிப்பகங்கள் காசு தருமா?

தம்பி, காசு தரும் என்று யாராவது சொன்னால் எனக்கும் அறிவியும். இங்கே பெரும்பாலும் எழுதியவரே செலவழிக்கிறார். 300 பிரதி, துணிந்தவர் 500. விற்கும் வழி வெளியீட்டு விழாதான், இதைச் சொல்ல எங்களுக்குக் கொஞ்சம் கூச்சம். மங்கல விளக்கு, தலைமையுரை, ஆசியுரை, வாழ்த்துரை, வெளியீட்டுரை, மதிப்பீட்டுரை, ஏற்புரை, நன்றியுரை. சொந்தக்காரரும் கூடப் படிப்பித்தவர்களும் ஒவ்வொருவராக வந்து கடித உறையைக் கையில் தந்து பிரதி வாங்குவார்கள். அச்சகக் கடனை அடைப்பது அந்த உறைகள்தான். ஆகவே விழாவைக் கேலி செய்யாதையும். ஆனால் உரைகளைக் குறையும். எட்டுப் பேர் பேசி முடிய, புத்தகத்தை உண்மையிலேயே வாசித்துவிட்டு வந்த ஒன்பதாவது ஆளுக்கு ஐந்து நிமிடம்தான் மிஞ்சும். நான் இந்த முறை மூன்று பேரோடு நிறுத்துகிறேன், எத்தனை பேர் கோபிப்பார்கள் என்று பார்ப்போம்.

புத்தகத்தின் சர்வதேச அடையாள எண்ணான ஐ.எஸ்.பி.என்.ஐ அச்சுக்குக் கொடுக்க முன்னரே எடும். கொழும்பில் தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபை கொடுக்கிறது. அந்த எண்ணில் இலங்கையைக் குறிக்கும் பகுதி 955, இப்போது 624 உம் வருகிறது. பதிப்புரிமையைப் பதிய வேண்டும் என்று யாராவது காசு கேட்டால் கொடுக்க வேண்டாம். 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி எழுதிய அன்றே அது உம்முடையது, உமது ஆயுட்காலமும் அதற்குப் பின் 70 ஆண்டுகளும் நிற்கும்.

ஆனால் அவசரப்பட வேண்டாம். ஒன்பதில் எத்தனை கதை சஞ்சிகையில் வந்தது? ஒன்றும் வரவில்லை என்றால் முதலில் அனுப்பும். முன்பின் தெரியாத ஆசிரியர் ஒருவர் திருப்பி அனுப்பினால், மண்டபம் நிறைந்த கைதட்டில் கிடைக்காத ஒன்று அதில் கிடைக்கும்.

நெல்லியடி: 168 பக்கத்துக்கு 900 ரூபாவா?

எனக்கும் வயிறு எரிகிறதுதான். 2022 இல் கடதாசி கிடையாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையையே பிற்போட்டார்களே, அதன் பிறகு கடதாசி விலை பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது கோடு போட்ட கொப்பித் தாளில் அச்சான யாழ்ப்பாணப் பத்திரிகைகளை வாசித்தவர்கள் நாங்கள். இது அவ்வளவு மோசமில்லை. 900 கொடுக்க முடியாதவர்கள் தயங்காமல் வாசிகசாலையில் கேளுங்கள், சனசமூக நிலையங்களுக்குச் சில பிரதிகள் ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

ரொறன்ரோ: மின்னூலாக வருமா?

வரும், அச்சுப் பிரதி இங்கே ஓரளவு போன பிறகு. கிண்டிலில் போடும் எண்ணம். விமானத் தபாலில் அனுப்பினால் புத்தக விலையைவிடத் தபால் செலவு கூட. ஊருக்கு வந்து போகிற சொந்தக்காரரின் பெட்டிதான் இன்றைக்கும் எங்கள் ஏற்றுமதி வழி.

திருநெல்வேலி: கையால் எழுதுகிறீர்களா, கணினியிலா? எனக்குத் தட்டச்சுப் பிழைகளைப் பார்த்தால் விசர் வரும்.

முதற்பிரதி சீ.ஆர். கொப்பியில், அதாவது தடித்த மட்டை போட்ட கொப்பியில், கையால்தான்; பிறகு நானே யூனிகோட்டில் அடிக்கிறேன். கரைச்சல் அங்கே இல்லை. இங்கே பல அச்சகங்கள் இன்னும் பாமினி எழுத்துருவில்தான் பக்கம் கட்டுகின்றன. யூனிகோட்டில் இருந்து பாமினிக்கு மாற்றும்போது மேற்கோள் குறிகள் இடம் மாறும், கொம்பு தனியே ஒரு வரியிலும் எழுத்து அடுத்த வரியிலும் போய் நிற்கும். பாமினி ஆங்கில விசைகளின் மேல் தமிழைப் போட்டுச் செய்த எழுத்துரு. அதனால் பக்கம் முழுவதற்கும் அதையே கொடுத்தால் உங்கள் மின்னஞ்சல் முகவரிகூட அர்த்தமில்லாத தமிழ் எழுத்துகளாக மாறி அச்சாகும். கணினியில் பார்த்துத் திருத்தியது போதும் என்று இருக்க வேண்டாம். பக்கம் கட்டிய பிறகு தாளில் எடுத்து, கதை தெரியாத ஒருவரிடம் கொடுத்து வாசிப்பியுங்கள். கதை தெரிந்தவர் பிழையைத் தாண்டிப் போய்விடுவார். "கதியால்" தொகுப்பை வாசித்தது உயர்தர வகுப்பில் படிக்கும் பக்கத்து வீட்டுப் பிள்ளை. என் தமிழ்ப் பட்டமெல்லாம் அவளிடம் எடுபடவில்லை.

பருத்தித்துறை: உங்கள் முதல் நாவலில் தங்கம் கடைசியில் கப்பல் ஏறினாளா, இல்லையா?

புத்தகம் முடிந்த இடத்தில் எனக்குத் தெரிந்ததும் முடிந்தது. இரண்டாம் பாகம் இல்லை.

சுன்னாகம்: குறை நினைக்க வேண்டாம். எங்கட சனம் பட்ட பாடு இவ்வளவு இருக்க, சுருட்டையும் வேலியையும் எழுதி என்ன பிரயோசனம்? போரைப் பற்றி ஏன் எழுதுவதில்லை?

குறை நினைக்கவில்லை. இதைக் கனபேர் மனதில் வைத்துக்கொண்டு கேட்காமல் இருக்கிறார்கள்.

தொகுப்பில் அப்படி ஒரு கதை இருக்கிறது. 1995 ஒக்டோபர் 30 இரவு, போரால் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்து மழையில் நாவற்குழிப் பாலத்தை நோக்கி நகர்ந்ததே, அதில் ஒரு தையல் மெசினைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போகும் பெண்ணின் கதை. விடியும் வரைக்கும் அவள் எவ்வளவு தூரம் நகர்ந்தாள் என்பது மட்டும்தான் அதில் நடக்கிறது. அதை எழுத நான் அவசரப்படவில்லை, அதனால்தான் எழுத முடிந்தது.

ஆனால் யாழ்ப்பாணத்தில் இருந்து எழுதினால் போரைத்தான் எழுத வேண்டும் என்ற எதிர்பார்ப்பு எனக்குச் சம்மதமில்லை. வெளியூர்ப் பதிப்பாளர்களிடமும் இது இருக்கிறது. "இதில் யுத்தம் எங்கே வருகிறது?" என்று ஒருவர் கையெழுத்துப் பிரதியைத் திறக்க முதலே கேட்டார். சுட்டதையும் எரிந்ததையும் மட்டும் எழுதி வைத்தால் எரிய முதல் என்ன இருந்தது என்று பிறகு யார் சொல்வது? ஒரு கொட்டிலில் நாள் முழுக்க உழைத்த ஆட்கள் காசு சேர்த்துப் பத்திரிகை வாங்கி வாசிப்பித்துக் கேட்டார்கள். அந்தச் சனத்துக்கு ஒரு நூலகம் எரிந்தால் என்ன என்பது அதைத் தெரிந்தால்தான் விளங்கும். என் நாவலில் 1981 வரவே வராது. வாசிக்கிறவர் மனதில் வந்தால் போதும்.

கொண்டாவில்: ரீச்சர், எங்கள் அப்பப்பா கொட்டில் வைத்திருந்தவர். அவருடைய கணக்குக் கொப்பி இரண்டு பரணில் கிடந்தது. பின்பக்கங்களில் பத்திரிகைக்கு யார் யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்று எழுதியிருக்கிறது. உங்களுக்குப் பிரயோசனப்படுமா? கூரியரில் அனுப்பவா?

அனுப்பவே வேண்டாம்! நான் வருகிறேன். அதுவரைக்கும் மூன்று விசயம். வெயிலில் காயப் போட வேண்டாம், தாள் நொறுங்கிப்போகும். ஒட்டிக்கொண்டிருக்கும் பக்கங்களை இழுத்துப் பிரிக்க வேண்டாம். கறையான் தட்டியிருந்தால் மெல்லிய தூரிகையால் தட்டிவிட்டு, சுத்தமான கடதாசியில் சுற்றி, நிலத்தில் படாமல் மேசையில் வையுங்கள், பொலித்தீன் பையில் போட்டுக் கட்ட வேண்டாம். கைபேசியில் ஒவ்வொரு பக்கமாக இன்றைக்கே படம் எடுத்துவிடுங்கள், மழை தொடங்க முதல். உங்களுக்குச் சம்மதம் என்றால், எண்ணிமப் பிரதி எடுத்துப் பொதுவில் வைப்பதைப் பற்றியும் வீட்டுப் பெரியவர்களுடன் கதைப்போம். கொப்பி உங்கள் வீட்டிலேயே இருக்கலாம்.

வருகிற சனிக்கிழமை பின்னேரம் வீட்டில் ஆட்கள் நிற்பீர்களா?