நன்றியும் கேண்டீன் கார்டும்

கேள்வி: அமெரிக்காவில் ராணுவத்தினரைக் கண்டால் முன்பின் தெரியாதவர்கூட அருகில் வந்து ‘உங்கள் சேவைக்கு நன்றி’ என்று சொல்கிறார்களாம். நம் ஊரில் முன்னாள் ராணுவத்தினரிடம் யாரும் அப்படிச் சொல்வதில்லையே. நாம் நன்றி கெட்டவர்களா?
– வேலூர் வாசகர் ஒருவர்

பதில்: காலையில் காபி கொடுக்கும் மனைவிக்கே நாம் நன்றி சொல்வதில்லை. மிலிட்டரிக்காரருக்கு மட்டும் சொல்லிவிடுவோமா? வாயால் நன்றி சொல்வது நம் பழக்கத்தில் இல்லை. அதை நான் பெரிய குற்றமாக நினைக்கவில்லை.

அமெரிக்காக்காரர்களின் நன்றிக்கும் ஒரு முன்கதை உண்டு. வியட்நாமிலிருந்து திரும்பியவர்களை அந்த நாடு சரியாக வரவேற்கவில்லை. அந்த உறுத்தல் பிற்பாடு வந்த தலைமுறையைப் பேச வைத்தது. 1973-ல் கட்டாய ஆள்சேர்ப்பும் நின்றுபோனது. போருக்குப் போவது யாரோ வீட்டுப் பிள்ளை என்றான பிறகு, கை குலுக்கிவிட்டு நகர்வது சுலபம். அந்த ‘நன்றி’யைக் கேட்டு நெளிகிற பழைய வீரர்கள் அங்கேயும் இருக்கிறார்கள்.

சரி, நம் கதைக்கு வருவோம். உங்கள் மாவட்டத்திலேயே கம்மவான்பேட்டை இருக்கிறது. வீட்டுக்கு ஒருவராவது பட்டாளத்துக்குப் போன ஊர் என்று பெயர் எடுத்து, ராணுவப்பேட்டை என்றே அழைக்கப்படுகிறது. அந்தப் பக்கத்து ஆள் ஒருவர் 2022-க்கு முன்பு பதினெட்டு, பத்தொன்பது வயதில் சிப்பாயாகச் சேர்ந்திருந்தால், பெரும்பாலும் நாற்பதைத் தொடுவதற்குள் ஓய்வு பெற்று வந்துவிடுவார். பிள்ளைகள் அப்போதுதான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருக்கும். இரண்டாவது வேலை தேடியாக வேண்டும். வங்கி வாசலில் இரட்டைக்குழல் துப்பாக்கியோடு ஸ்டூலில் உட்கார்ந்திருப்பவரை நாம் ‘வாட்ச்மேன்’ என்று கூப்பிடுகிறோம். அவர் சியாச்சினில் இருந்தவரா, கார்கிலில் இருந்தவரா என்று ஒருநாளாவது கேட்டிருக்கிறோமா?

அவர் முன்னாள் ராணுவத்தினர் என்று தெரிந்ததும் நாம் கேட்கும் முதல் கேள்வி வேறு. “சார், கேண்டீன்ல ரெண்டு பாட்டில் எடுத்துத் தர முடியுமா?” பனியில் நின்றவருக்கு ராணுவ கேண்டீன் வழியாக அரசு கொடுக்கும் மாத மதுக் கோட்டாவில் நமக்கும் ஒரு பங்கு வேண்டும். அதை வெளியாளுக்கு விற்பது தவறு என்று அவர் தயங்கினால், “கஞ்சப்பயல்” என்று பெயர் வைத்துவிட்டுப் போகிறோம்.

அரசாங்கத்தின் நன்றியும் தேதி வைத்துக்கொண்டுதான் வருகிறது. 1949 முதல் டிசம்பர் 7 கொடிநாள். நான் படித்தபோது குண்டூசியோடு ஒரு காகிதக் கொடி தருவார்கள். சிவப்பு, கருநீலம், வெளிர்நீலம் என்று மூன்று படைக்கும் மூன்று நிறம். காசை வாங்கிக்கொண்டார்களே தவிர, அது போரில் ஊனமுற்றவருக்கும் வீரர்களின் குடும்பத்துக்கும் போகிறது என்று எந்த வாத்தியாரும் சொன்னதாக நினைவில்லை. மாலைக்குள் கொடி கசங்கிவிடும். குண்டூசி மட்டும் வீட்டுக்கு வரும்.

ஒரே பதவி, ஒரே பணிக்காலம் என்றால் ஒரே ஓய்வூதியம் கொடுங்கள் என்று 2015-ல் டெல்லி ஜந்தர் மந்தரில் பழைய வீரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஆகஸ்ட் 14 அன்று, சுதந்திர தினப் பாதுகாப்பைக் காரணம் காட்டி, போலீஸ் அவர்களை அங்கிருந்து அகற்றப் பார்த்தது. மார்பில் மெடல் குத்திய எழுபது வயதுக்காரர்களைப் பிடித்து இழுத்த காட்சியை நாடே டி.வி.யில் பார்த்தது. மறுநாள் செங்கோட்டையில் கொடியேற்றம். திட்ட அறிவிப்பு செப்டம்பர் 5-ல்தான் வந்தது.

நன்றியை வேறு எங்கே பார்க்கலாம் என்றால், முன்னாள் படைவீரர்களுக்கான குறைதீர் கூட்டத்துக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். நான் போயிருந்த அன்று என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஓய்வுபெற்ற சுபேதார் ஒருவரின் மனு, அவர் எல்லையில் இருந்த காலத்தில் பங்காளி நகர்த்திவைத்த வரப்பைப் பற்றியது. நாட்டின் எல்லையைக் காக்கப் போனவருக்குச் சொந்த நிலத்தின் எல்லை போய்விட்டது. மனுவை நான்காக மடித்து பாலிதீன் கவரில் வைத்திருந்தார். அது எட்டாவது மனுவாம்.

எங்கள் தெருவிலும் ஒரு ஹவில்தார் இருக்கிறார். நவம்பர் வந்தால் உயிரோடு இருப்பதாகச் சான்று கொடுத்தால்தான் பென்ஷன் தொடரும். ரேகை தேய்ந்த விரலை மெஷின் ஏற்கவில்லை. மூன்று நாள் அலைந்து திரும்பினார். நாலாம் நாள் எதிர்வீட்டுக் கல்லூரிப் பெண் அவரைத் திண்ணையில் உட்காரவைத்து, தன் போனில் முகத்தைக் காட்டச் சொல்லி, பத்து நிமிடத்தில் சான்றைப் பதிவு செய்து கொடுத்துவிட்டாள். “கண்ணைச் சிமிட்டுங்க தாத்தா” என்று அவள் சொல்ல, அவரோ அட்டென்ஷனில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். மறுநாள் அவர் கேண்டீனில் வாங்கிவந்த பிஸ்கட் பாக்கெட் ஒன்று, யாரும் கேட்காமலே அந்த வீட்டுக்குப் போனது.