வாசகர் கேள்வி-பதில்: 14, 18, 20 – எது பரப்பளவு?

கேள்வி: மூன்றாம் வகுப்பு படிக்கும் என் மகள் 'நீளம் × அகலம்' என்று மடமடவென ஒப்பிக்கிறாள். கட்டம் போட்ட செவ்வகத்தைக் காட்டி எண்ணச் சொன்னால் தப்பு வருகிறது. எங்கிருந்து தொடங்குவது?
– வாசகி, ஈரோடு

பதில்: அவள் சொல்லும் தப்பு விடையிலிருந்தே தொடங்குங்கள். நீளத்தில் 5, அகலத்தில் 4 கட்டம் உள்ள செவ்வகத்துக்கு 20 வர வேண்டும். 14 என்றால் ஓரத்துக் கட்டங்களை மட்டும் எண்ணி, நடுவில் உள்ள 6-ஐ விட்டிருக்கிறாள். உள்கட்டங்களுக்கு நிறம் தீட்டச் சொல்லுங்கள். 18 என்றால் சுற்றளவை எண்ணியிருக்கிறாள். வரப்பைச் சுற்றி நடப்பது வேறு, வயல் முழுக்க நாற்று நடுவது வேறு என்று பேசுங்கள். இரண்டு தப்புக்கும் சூத்திரத்தையே மறுபடி ஒப்பிக்க வைப்பதில் பயனில்லை.

பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில் 5 செ.மீ. பக்கமுள்ள 20 சதுரங்களும், நாள்காட்டி அட்டையில் 25-க்கு 20 செ.மீ. செவ்வகம் ஒன்றும் வெட்டுங்கள். அளந்து வெட்டுவது முக்கியம். சதுரத்துக்கு 2 மி.மீ. கூடினாலே ஐந்து சதுர வரிசை 1 செ.மீ. வெளியே நிற்கும், குழந்தை ஒன்றின்மேல் ஒன்றை ஏற்றிச் சரிக்கட்டும். சந்தும் கூடாது, ஏறி உட்காரவும் கூடாது என்பதுதானே பாடம்? (ஏன் சதுரம் என்று கேட்டால், ரூபாய் நாணயங்களைப் பரப்பச் சொல்லுங்கள். இடையே தெரியும் சந்துகளே பதில்.)

முழுக்கப் பரப்பி எண்ணிய மறுநாள், 8 சதுரம் மட்டும் கொடுங்கள்: மேல்வரிசைக்கு 5, இடது ஓரமாகக் கீழே 3. 'மொத்தம் எத்தனை பிடிக்கும்?' இங்கேதான் பல பிள்ளைகள் 5-ஐயும் 4-ஐயும் கூட்டி 9 என்பார்கள். மூலைச் சதுரத்தை இரண்டு முறை எண்ணியது சின்ன விஷயம். இடது ஓரத்துச் சதுரம் ஒவ்வொன்றும் ஒரு முழு வரிசையின் தலை என்பது இன்னும் பிடிபடவில்லை, அதுதான் பெரியது. மேல்வரிசை ஐந்தையும் உள்ளங்கையால் ஒவ்வொரு படியாகக் கீழே நகர்த்தி எண்ணட்டும்: 5, 10, 15, 20. பெருக்கல் அங்கே தானாக வந்து நிற்கும்.

தாளில் வரையும்போது தனித்தனிக் கட்டமாக வரைந்தால் அளவு பெரிதும் சிறிதுமாகி, வரிசைக்கு வரிசை எண்ணிக்கை மாறும். ஸ்கேல் வைத்து, முனைக்கு முனை ஒரே கோடாக இழுக்கட்டும்.

இன்னொன்று: 4×4, 6×3 அளவுகளைத் தொடக்கத்தில் கொடுக்காதீர்கள். முதலாவதில் பரப்பளவு, சுற்றளவு இரண்டின் எண்ணும் 16, அடுத்ததில் 18. சுற்றளவை எண்ணிய பிள்ளைக்கும் 'சரி' போட்டுவிடுவோம்.

கேள்வி: இலையைக் கட்டத்தாளில் வரைந்தால் ஓரக் கட்டங்கள் அரையும் குறையுமாக வருகின்றனவே?
– ஆசிரியர், மன்னார்குடி

பதில்: 1 செ.மீ. கட்டத்தாளில் பூவரசு இலையை வைத்து ஓரம் வரையட்டும். முழுக் கட்டங்களை முதலில் எண்ணி, எண்ணியதில் புள்ளி வைக்க வேண்டும். மீதியில் பாதிக்கு மேல் அடைபட்டது 1. பாதிக்குக் குறைந்ததை விடலாம். சரிபாதி இரண்டு சேர்ந்தால் 1. கூட எடுத்ததும் விட்டதும் ஏறத்தாழ ஈடாகிவிடும். இலையைச் சற்றுத் திருப்பி வைத்தால் விடை ஒன்றிரண்டு மாறலாம். அதைத் தப்பென்று அடிக்காமல், 'ஏறத்தாழ' என்று சேர்த்து எழுதப் பழக்குங்கள்.

கேள்வி: 2 அடிக்கு 2 அடி டைல்ஸ் 2 சதுர அடிதானே என்கிறான் மகன்.
– வாசகர், மதுரை

பதில்: டைல்ஸின் நடுவே சாக்பீஸால் குறுக்கே ஒன்று, நெடுக்கே ஒன்று கோடு போடச் சொல்லுங்கள். 4 சதுரம் கண்ணெதிரே தெரியும். பிறகு 10-க்கு 12 அடி அறைக்கு எத்தனை டைல்ஸ் என்று கேளுங்கள். 60 என்றால் இன்னும் பழைய எண்ணத்திலேயே இருக்கிறான். சரியான விடை 30.