உளவாளிப் படத் தொடர்களில் ஒரே பெரிய வில்லன் திரும்பத் திரும்ப வருவது நல்லதா, படத்துக்கு ஒரு புது வில்லன் நல்லதா?

ஜேம்ஸ் பாண்ட் படமான 'ஸ்கைஃபால்' (2012) பார்த்த சூட்டோடு 'ஸ்பெக்டர்' (2015) பார்த்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். இந்தக் கேள்வி பெரும்பாலும் அந்த எரிச்சலில்தான் பிறக்கும்.

பழைய வில்லன் இருக்கட்டும், ஆனால் திரைமறைவில் இருக்கட்டும். முன்னால் நின்று பாண்டிடம் அடிவாங்க ஒவ்வொரு படத்துக்கும் ஒரு புது ஆள் வேண்டும். இதை 1963-லேயே கண்டுபிடித்த பாண்ட் படங்கள் 1967-ல் தாங்களே கெடுத்துக்கொண்டன.

'ஃப்ரம் ரஷ்யா வித் லவ்' (1963) படத்தில், ஸ்பெக்டர் என்ற குற்ற அமைப்பின் தலைவன் ப்ளோஃபெல்டுக்கு முகமே கிடையாது. மடியில் வெள்ளைப் பூனை, அதைத் தடவும் கை, ஒரு குரல், அவ்வளவுதான். தொட்டியில் மூன்று சண்டை மீன்கள். இரண்டு மோதிக்கொள்ளும், மூன்றாவது ஒதுங்கி நின்று, ஜெயித்த மீன் களைத்ததும் பாயும். ஸ்பெக்டர் அமைப்பின் வேலைமுறை மொத்தமும் அந்தத் தொட்டியில் தெரிந்துவிடுகிறது. திட்டம் தீட்டுவது க்ரான்ஸ்டீன், ஆள் பிடிப்பது ரோசா க்ளெப், கொல்லப் போவது ரெட் கிராண்ட். திட்டம் தோற்றதும் க்ரான்ஸ்டீன், க்ளெப் இருவரையும் நிற்கவைத்து விசாரணை. தண்டனை க்ளெப்புக்குத்தான் என்று நாம் நினைக்கும்போது, விஷக்கத்தி பொருத்திய பூட்ஸ் க்ரான்ஸ்டீன் காலில் இறங்குகிறது. பாண்டிடம் தோற்றவன் கிராண்ட். பயமோ ப்ளோஃபெல்ட் கணக்கில் ஏறுகிறது. 'தண்டர்பால்' (1965) படத்தில் பணம் சுருட்டியவன் உட்கார்ந்த நாற்காலியிலேயே மின்சாரம் பாய்ந்து சாவதும் இதே கணக்குதான்.

முகத்தைக் காட்டியதும் கணக்கு தலைகீழாகிறது. ஒரே வில்லன் அடுத்த படத்துக்கும் வர வேண்டுமென்றால் இந்தப் படத்தில் அவன் தோற்கவும் வேண்டும், தப்பவும் வேண்டும். தோற்கத் தோற்க அவன் மேல் பயம் போகும். தப்பத் தப்ப நாயகனின் சாமர்த்தியத்தின் மேல் சந்தேகம் வரும். 1967-ல் 'யூ ஒன்லி லிவ் ட்வைஸ்' படத்தில் ப்ளோஃபெல்டாக வரும் டொனால்ட் ப்ளெசன்ஸ் எரிமலைக்குள் பாண்டை நேருக்கு நேர் பார்க்கிறார். 1969-ல் 'ஆன் ஹர் மெஜஸ்டீஸ் சீக்ரெட் சர்வீஸ்' படத்தில் அதே ப்ளோஃபெல்ட், இப்போது டெலி சவாலஸ், ஒரு கண்ணாடியை மாட்டிக்கொண்டு வேறு பெயர் சொல்லி வரும் பாண்டை முன்பின் பார்த்தவராகவே காட்டிக்கொள்வதில்லை. காரணம் எளிது: இவற்றுக்கு மூலமான நாவல்கள் 1963, 1964 என்று வந்த வரிசையைப் படங்கள் திருப்பிப் போட்டுவிட்டன. நாவலில் அது முதல் சந்திப்பு, படத்தில் இரண்டாவது.

ஆனாலும் முகம் காட்டிய ப்ளோஃபெல்டுகளில் சவாலஸ்தான் உச்சம். அவர் ஜெயிக்கிறார். கல்யாணமான அன்றே பாண்டின் மனைவி ட்ரேசி சாகிறாள். ப்ளோஃபெல்ட் கார் ஓட்ட, சுடுவது அவர் கூட்டாளி இர்மா பண்ட். அடுத்த படம் பழிவாங்கும் கதையாக இருந்திருக்க வேண்டும். இர்மாவாக நடித்த இல்சே ஸ்டெப்பாட் படம் வெளியான சில நாட்களில் இறந்துபோனார். 1971-ல் வந்த 'டயமண்ட்ஸ் ஆர் ஃபாரெவர்' ட்ரேசியின் பெயரைக்கூட எடுக்காமல், பெயர்கள் ஓடுவதற்கு முன்பே பழிவாங்கலை முடித்துவிடுகிறது. இம்முறை ப்ளோஃபெல்ட் சார்ல்ஸ் கிரே. 1967 படத்தில் பாண்டுக்கு உதவும் ஹெண்டர்சனாக வந்து செத்தவரும் இவரேதான்! போலி ப்ளோஃபெல்டுகள், பெண் வேஷம், கடைசியில் கிரேனில் தொங்கும் குட்டி நீர்மூழ்கி. செத்தானா பிழைத்தானா என்றுகூடப் படம் சொல்லவில்லை.

"இரும்புப் பல்லோடு வரும் ஜாஸ், இரண்டு பாண்ட் படங்களில் வந்தாரே" என்பீர்கள். அவர் அடியாள், சூத்திரதாரி அல்ல. அவரும் 1979-ல் காதலில் விழுந்து கட்சி மாறிவிட்டார். "ப்ளோஃபெல்ட் காணாமல் போனது வழக்கால்தானே" என்றால், ஒப்புக்கொள்கிறேன். 'தண்டர்பால்' கதையில், அதன் வழியாக ப்ளோஃபெல்ட் பாத்திரத்திலும், அதை எழுதியவர்களில் ஒருவரான கெவின் மெக்ளோரிக்கு உரிமை இருந்தது. அந்தத் தகராறு நீண்டுகொண்டே போனது. 1981-ல் 'ஃபார் யுவர் ஐஸ் ஒன்லி' படத்தில் சக்கர நாற்காலியில் பூனையோடு வரும் மொட்டைத்தலையைப் பெயர் சொல்லாமலே புகைபோக்கிக்குள் போட்டது அதனால்தான். உரிமை தயாரிப்பாளர்கள் கைக்கு வந்தது 2013-ல். ஆனால் நடுவில் அந்த உரிமை இல்லாமலே 'கேசினோ ராயல்' (2006) வந்தது. முன்னால் லெ ஷிஃப், பின்னால் மிஸ்டர் வைட். லெ ஷிஃப்பின் பிரச்சினை தெளிவு: அடுத்தவர் பணத்தைப் பங்குச்சந்தையில் தொலைத்துவிட்டார், சீட்டாடி மீட்டாக வேண்டும். தோற்றதும் அவரைக் கொல்வது பாண்ட் அல்ல, வைட். 1963-ன் பாடம் அப்படியே.

இப்போது 'ஸ்பெக்டர்' செய்த வேலையைப் பாருங்கள். ப்ளோஃபெல்டைப் பாண்டோடு வளர்ந்த பையனாக்கி, முந்தைய வில்லன்கள் எல்லோரும் அவன் ஆட்களே என்கிறது. 'ஸ்கைஃபால்' வில்லன் சில்வாவின் கோபம் பாண்டின் மேலதிகாரி 'எம்' மேல். ஹாங்காங்கில் அவர்தான் அவனைச் சீனர்களிடம் விட்டுக்கொடுத்தார். கடித்த சயனைட் கொல்லாமல் முகத்தை உள்ளிருந்து அரித்தது. அந்தக் கோபத்துக்கு இன்னொரு முதலாளி எதற்கு? பழைய வில்லனைத் தாமதமாகக் கொண்டுவந்தால் அந்தப் படம் மட்டும் கெடுவதில்லை, முன்னால் வந்த நல்ல படங்களுக்குள்ளும் கைவைக்கிறான். 2021-ல் 'நோ டைம் டு டை' படத்தில் சஃபின் என்ற புது வில்லனின் நானோபாட் விஷம்தான் பாண்டின் கை வழியாக ப்ளோஃபெல்டை முடித்துவைக்கிறது. அதற்கே படம் இவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டதால் சஃபினுக்கு மிச்சம் கொஞ்சம்தான்.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். ப்ளோஃபெல்ட் யார் சிறந்தவர் என்று பட்டியல் போடுபவர்கள் முகம் காட்டியவர்களோடு நிறுத்திக்கொள்கிறார்கள். நம்மைப் பயமுறுத்திய கை அந்தோணி டாசனுடையது, குரல் எரிக் போல்மனுடையது. 'தண்டர்பால்' வில்லன் லார்கோவாக நடித்த அடோல்ஃபோ சேலிக்குக் குரல் கொடுத்த ராபர்ட் ரியெட்டிதான் 1981-ன் புகைபோக்கி ஆசாமிக்கும் பேசினார். கோல்ட்ஃபிங்கராக கெர்ட் ஃப்ரோபே நடித்தார், நாம் கேட்பது மைக்கேல் காலின்ஸை. இந்தக் குரல்காரர்கள் பெயர் எதுவும் திரையில் வராது. 1963 படத்தின் நடிகர் பட்டியலில் ப்ளோஃபெல்டுக்கு நேரே இருப்பது ஒரு கேள்விக்குறி மட்டும்.