ஆடி வரட்டும், உபுண்டுவை மாற்றலாம்

கேள்வி: மேலூரில் ஜெராக்ஸ், டிடிபி கடை வைத்திருக்கிறேன். கணினியில் விண்டோஸுக்குப் பதிலாக உபுண்டு 20.04 இயங்குதளம் ஓடுகிறது. ஆதரவு முடிந்துவிட்டது என்று அறிவிப்பு வந்துகொண்டே இருக்கிறது. நேரே 24.04-க்குப் போகலாமா? கல்யாணப் பத்திரிகை ஃபைல்கள், பிரிண்டர் எல்லாம் பழையபடி வேலை செய்யுமா?

பதில்: பத்திரிகை அடிக்கிற கடை என்பதால் முதலில் பஞ்சாங்கத்தைப் பாருங்கள். முகூர்த்தம் நெருக்கமாக இருக்கும் மாதத்தில் இந்த வேலையைத் தொடவே வேண்டாம். ஆடி முதல் வாரம் தோது. மாதக் கடைசிக்குத் தள்ளினால் ஆவணி முகூர்த்தக்காரர்கள் வந்து நிற்பார்கள்.

அதுவரை சும்மா விடவும் கூடாது. ஊரார் பென்டிரைவை எல்லாம் செருகி, ஆதார் பிடிஎஃப் திறக்கிற கணினி அது. 20.04-க்கான வழக்கமான ஆதரவு 2025 மே மாதத்தோடு முடிந்தது. உபுண்டு ப்ரோ என்ற கூடுதல் ஆதரவுச் சேவையில் பதிந்துகொண்டால் 2030 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்கும். ஐந்து கணினி வரை காசு கிடையாது.

இனி உங்கள் கேள்வி. நேரே தாவ முடியாது. முதலில் 22.04, அப்புறம்தான் 24.04. இரண்டு முறையும் ஜிபி கணக்கில் இறக்கிக்கொள்ளும். பாதியில் கரண்ட் போனால் பழசும் இல்லாமல் புதுசும் இல்லாமல் தொங்கும். கடை யுபிஎஸ் எவ்வளவு நேரம் தாங்கும் என்பது உங்களுக்கே தெரியும்.

நானாக இருந்தால் அந்த வழிக்கே போகமாட்டேன். புதிதாக ஒரு எஸ்எஸ்டி டிஸ்க் வாங்கி, அதில் 24.04-ஐ நேரடியாக நிறுவிவிடுவேன். 2029 வரை கவலையில்லை. பழைய டிஸ்க்கைக் கழற்றி மேசை டிராயரில் வைத்துவிடலாம். எது மக்கர் செய்தாலும் அதையே திரும்ப மாட்டினால் பத்து நிமிடத்தில் கடை ஓடும். ரேம் மட்டும் 4 ஜிபிக்குக் குறையக்கூடாது. நிறுவும் முன் பென்டிரைவிலிருந்தே உபுண்டுவை ஓட்டி, ஸ்கேனரும் திரையும் ஒழுங்காக வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்களைப் போன்ற கடைகளில் உண்மையில் காலை வாருவது எழுத்துருதான். பழைய பத்திரிகைகள் யூனிகோடு என்ற இன்றைய பொது எழுத்து முறைக்கு முந்தைய எழுத்துருக்களில் இருக்கும். அந்த எழுத்துரு இல்லாமல் ஃபைலைத் திறந்தால் மணமகன் பெயர் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டிக் கிடக்கும். ஃபைல் கெட்டுப்போகவில்லை, பயப்படாதீர்கள். எழுத்துருக்கள் பெரும்பாலும் ஹோம் ஃபோல்டருக்குள் மறைவான ஃபோல்டர்களில் இருக்கும். கன்ட்ரோலோடு ஹெச் அழுத்தினால் கண்ணுக்குத் தெரியும். காப்பி எடுக்கும்போது பலரும் விட்டுவிடுவது அதைத்தான்.

தமிழ்99 விசைப்பலகை முறையில் தட்டச்ச ஐபஸ் எம்17என் தொகுப்பை நிறுவி, கீபோர்டு பட்டியலில் சேர்த்தால் போதும். பிரிண்டர் ஹெச்பி 1020 மாதிரிப் பழைய லேசர் என்றால் அதற்கான ப்ளக்-இன் என்ற துணை மென்பொருளைப் புதிதாக இறக்க வேண்டும். பழைய பதிப்பின் ப்ளக்-இன் புதியதோடு ஒத்துப்போகாது. பழைய மென்பொருள் ஏதாவது திரையில் கோளாறு செய்தால், லாகின் பக்கத்தில் பல்சக்கரக் குறியைத் தொட்டு 'உபுண்டு ஆன் சோர்க்' (Ubuntu on Xorg) என்ற பழைய திரை முறையைத் தேர்ந்தெடுத்து நுழைந்து பாருங்கள்.

எல்லாம் சரியாக ஓடுகிறதே என்று டிராயரில் இருக்கும் டிஸ்க்கை உடனே ஃபார்மட் செய்துவிடாதீர்கள். ஆவணி முகூர்த்தங்கள் முடியட்டும்.