சுவரில் ஒட்டிய தாள்

மதிப்பிற்குரிய ஐயா,

எங்கள் ஊர் ராமேஸ்வரம் தீவிலுள்ள தங்கச்சிமடம். என் கணவர் விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர். புத்தாண்டு இரவுத் திருப்பலி முடிந்து வீடு வந்ததும், இந்த ஆண்டு ஆளுக்கொரு இலக்கு வைத்துக் குடும்ப ஜெபத்தில் ஒப்புக்கொடுப்போம் என்று சொல்லி, அவரே ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினார். தமக்கு, ஓராண்டில் முழு விவிலியத்தையும் வாசித்து முடிப்பது. பன்னிரண்டாம் வகுப்பு மகளுக்கு, நர்சிங் சேரும் அளவுக்கு மதிப்பெண். எட்டாம் வகுப்பு மகனுக்கு, செல்போனைத் தொடாமல் இருப்பது. எனக்கு, கோபப்படாமல் இருப்பது. எழுதப் படிக்கத் தெரியாத என் மாமியார் மட்டும், "இந்த வயசுல எனக்கென்ன இலக்கு" என்று ஒதுங்கிக்கொண்டார். ஒரு மாதத்தில் எல்லாம் நின்றுவிட்டன. கணவரின் வாசிப்பு விவிலியத்தின் மூன்றாம் நூலான லேவியரைத் தாண்டவில்லை. போன வாரம் மகள் அந்தத் தாளைக் கிழித்து, "இதுல இருக்கறது அப்பாவோட ஆசை" என்று சொல்லிவிட்டாள். தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் வருகிறது. மறுபடியும் தொடங்கலாமா? எங்கள் விசுவாசத்தில்தான் குறையா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். உங்கள் கடிதத்தில் விசுவாசக் குறை எதையும் நான் காணவில்லை. அந்தத் தாளில் இருந்த நான்கு வரிகளையும் ஒரே கை எழுதியிருக்கிறது என்பதுதான் கண்ணில் பட்டது.

பிள்ளைகளின் பேரில் பெற்றோர் நேர்ந்துகொள்வது நம் கரையில் புதிதன்று. நான் ஐந்து வயதில் காய்ச்சலில் கிடந்தபோது, பிழைத்தால் குருவானவராகப் படிக்கக் குருமடத்துக்கு அனுப்புவதாக என் தாயார் ஓரியூர்ப் புனிதர் அருளானந்தரிடம் வேண்டிக்கொண்டார்; அது எனக்குச் சொல்லப்பட்டது பதினைந்தாம் வயதில். போனேன், இரண்டாம் ஆண்டிலேயே திரும்பி வந்துவிட்டேன். அடைக்காத கடன் ஒன்று வீட்டுக்குள் நடமாடுவதைப் போலத்தான் அவர் பல ஆண்டுகள் என்னைப் பார்த்தார். பொருத்தனை, அதாவது நேர்ச்சை, அதைச் செய்தவரை மட்டுமே கட்டும் என்று 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1193ஆம் எண் சொல்வதை வெகுகாலம் கழித்து ஒரு குருவானவர் எனக்கு எடுத்துக் காட்டினார். அதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் உடனே நம்பிவிடவில்லை.

ஆகவே நான் உங்கள் மகளின் பக்கம் நிற்கிறேன். தாளைக் கிழித்தது தவறுதான், அதற்கு அவள் அப்பாவிடம் மன்னிப்புக் கேட்கலாம். ஆனால் அவள் சொன்ன வார்த்தை சரியானது. உங்கள் கணவர்மேலும் எனக்கு வருத்தமில்லை. வாரத்தில் சில இரவுகளைக் கடலிலேயே கழிக்கிற ஒரு மனிதர், கரையில் கிடைக்கும் கொஞ்ச நேரத்தில் தம் வீட்டாருக்குச் செய்ய நினைப்பதையெல்லாம் ஒரு தாளில் செய்து முடித்துவிடப் பார்த்திருக்கிறார்.

1693இல் ஓரியூரில் வெட்டுண்டு இறந்த அருளானந்தர் இயேசு சபையைச் சேர்ந்தவர். அந்தச் சபையை நிறுவிய இஞ்ஞாசியார் தம் 'ஆன்மிகப் பயிற்சிகள்' என்ற நூலில் ஓர் ஆத்தும சோதனை முறையை எழுதிவைத்திருக்கிறார். ஒரே ஒரு குறையை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். காலையில் எழுந்ததும் அதை நினைவில் நிறுத்த வேண்டும். மதிய உணவுக்குப் பின்னும் இரவு உணவுக்குப் பின்னும், ஒவ்வொரு மணி நேரமாகப் பின்னோக்கிப் பார்த்து, எத்தனை முறை சறுக்கினோமோ அத்தனை புள்ளிகளை அந்த நாளுக்குரிய கோட்டில் வைக்க வேண்டும். பிறகு நேற்றோடு இன்றையும், போன வாரத்தோடு இந்த வாரத்தையும் ஒப்பிட வேண்டும். இதில் எனக்குப் பிடித்தது அதன் சிறிய அளவும் அந்தரங்கமும். அந்தப் புள்ளிகளை வைப்பவரும் எண்ணுபவரும் ஒருவரே. அதைச் சுவரில் ஒட்டுவதாக எங்கும் இல்லை.

அப்படியானால் குடும்பத்துக்கு இதில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். நிறையவே இருக்கிறது. சாம்பல் புதன் இரவு ஜெபமாலை முடிந்தபின், ஒவ்வொருவரும் தம் இலக்கைச் சொல்லலாம், சொல்லாமலும் இருக்கலாம். ஆனால் அதற்கு மற்றவர்களிடமிருந்து என்ன உதவி வேண்டும் என்பதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். உங்கள் மகள் என்ன படிக்க விரும்புகிறாள் என்பதை இப்போது சொல்ல மாட்டாள். இரவு ஒன்பது மணிக்கு மேல் டிவி ஓடக்கூடாது என்று மட்டும் கேட்கக்கூடும். அதைச் செய்து கொடுங்கள், மற்றது தானாக வெளியே வரும். மகன் செல்போனை வைத்துவிட வேண்டுமானால் அந்த நேரத்தில் பெரியவர்களும் வைத்துவிட வேண்டும். இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. உங்களுக்கு எழுதப்பட்ட "கோபப்படாமல் இருப்பது" என்பதை யாராலும் நிறைவேற்ற முடியாது, ஏனெனில் எந்த நேரத்தில், யார்மேல் என்று அதில் எதுவும் இல்லை. காலை ஏழிலிருந்து எட்டுக்குள், பிள்ளைகள் பள்ளிக்குக் கிளம்பும்போது குரலை உயர்த்தாமல் இருப்பது என்று நீங்களே குறுக்கிக்கொண்டால், அன்றிரவே கணக்குப் பார்த்துவிடலாம்.

இனி உங்கள் கணவரின் விவிலியம். வாரத்தில் மூன்று நாள் விசைப்படகுக்கும் நான்கு நாள் நாட்டுப்படகுக்கும் எனப் பங்கிட்டுத் தொழில் நடக்கும் பாக் நீரிணைக் கரையில், தினம் தவறாத வாசிப்பை ஒரு விசைப்படகுக்காரர் ஜனவரியில் தொடங்கியதே கோளாறு. பலி முறைகளும் தூய்மைச் சட்டங்களும் நிறைந்த லேவியர் நூலில் குருமடத்து மாணவர்களே தூங்கிப் போவதை நான் பார்த்திருக்கிறேன். தவக்காலத்தில் அவர் வேறு ஏதேனும் சிறியதாக எடுத்துக்கொள்ளட்டும். வாசிப்பை மீன்பிடித் தடைக்காலத்துக்குத் தள்ளி வையுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். வலையைப் பழுது பார்ப்பதும் படகுக்கு வண்ணம் பூசுவதும் போக மாலையில் அவர் வீட்டில் இருப்பார். பிள்ளைகளுக்கும் பெரும்பாலும் விடுமுறை.

மாற்கு நற்செய்தி 16 அதிகாரம், லூக்கா 24, யோவான் 21. கூட்டிப் பாருங்கள், 61 வருகிறது. யாரும் திட்டமிட்டதில்லை, ஒரு தடைக்காலத்தில் சும்மா எண்ணிக்கொண்டிருந்தபோது எனக்குத் தட்டுப்பட்டது. நாளுக்கு ஓர் அதிகாரம், உங்கள் மாமியாருக்குக் கேட்கும்படி உரக்க வாசிக்க வேண்டும். இன்று யார் வாசிப்பது என்பதை அந்த அம்மாவே சொல்லட்டும். ஏப்ரல் 15 அன்று தொடங்கினால், படகுகள் ஐஸும் டீசலும் ஏற்றிக்கொண்டு நிற்கும் ஜூன் 14 இரவில் யோவானின் கடைசி அதிகாரம் வரும். பேதுரு "நான் மீன்பிடிக்கப் போகிறேன்" என்று கிளம்புவதும், இரவெல்லாம் ஒன்றும் அகப்படாமல் விடியும்போது 153 பெரிய மீன்களோடு வலை கிழியாமல் கரை சேர்வதும் அதில்தான் இருக்கின்றன. அன்றைக்கு மட்டும் உங்கள் கணவரையே வாசிக்கச் சொல்லும்படி அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.