வரைபடத்துக்கு முன் கடைக் கணக்கு
(வாசகர் கேள்வி–பதில்: நகர மீட்டெடுப்பும் உள்ளூர்ப் பொருளாதாரமும்)

கேள்வி: கட்டடக்கலைப் பட்டப்படிப்பின் இறுதியாண்டில் இருக்கிறேன். நலிந்துபோன பழைய கடைவீதிகளை மீட்டெடுக்கும் பணியில் ஈடுபட விரும்புகிறேன். அதற்கு நகரத் திட்டமிடலில் முதுநிலைப் பட்டம் மட்டும் போதுமா?
– ஒரு மாணவி, மதுரை

பதில்: அந்தப் பட்டம் தேவைதான், ஆனால் போதாது. நிலப் பயன்பாடு, போக்குவரத்து, குடிநீர், கழிவுநீர், சட்டம், புவியியல் தகவல் முறைமை ஆகியவற்றை நம் கல்வி நிறுவனங்கள் ஓரளவு முறையாகவே கற்பிக்கின்றன. ஒரு தெருவில் பணம் எப்படி வந்து எப்படி வெளியேறுகிறது என்பதைக் கற்பிப்பதில்தான் குறை இருக்கிறது. கடைவீதி நலிவது சுவரில் சுண்ணாம்பு உதிர்ந்ததால் அன்று. பேருந்து நிலையம் ஊருக்கு வெளியே போயிருக்கும், ஆலை மூடப்பட்டிருக்கும், வாரிசுகளின் வழக்கால் மேல்மாடிகள் பூட்டிக் கிடக்கும், அல்லது மொத்த வியாபாரம் வேறிடம் பெயர்ந்திருக்கும். சென்னையில் கொத்தவால் சாவடியின் காய்கனி மொத்தச் சந்தை 1996இல் கோயம்பேட்டுக்கு மாறியபோது, அதை நம்பியிருந்த சுமை தூக்குவோர், தரகர், கைவண்டிக்காரர், உணவுக் கடைக்காரர் அனைவரின் பிழைப்பும் சேர்ந்தே ஆட்டம் கண்டது. நெரிசலைக் குறைப்பது சரியான நோக்கமே என்றாலும், காலியாகும் தெருவில் அடுத்து எந்தத் தொழில் வேரூன்றும் என்ற கேள்விக்கு விடை தேடுவதும் திட்டமிடுபவரின் வேலைதான்.

ஆகவே சில கருவிகளை நீங்களே தேடிக் கற்க வேண்டும். முதலாவது, ஒரு தொழில் உங்கள் ஊரில் எவ்வளவு செறிந்திருக்கிறது என்பதைக் காட்டும் எளிய விகிதம். மாநிலத் தொழிலாளர்களில் நூற்றுக்கு 4 பேர் ஒரு தொழிலில் இருக்க, உங்கள் ஊரில் 8 பேர் இருந்தால், விகிதம் 2. அதாவது ஊர் தன் தேவைக்கு மேல் செய்து வெளியே விற்கிறது, வெளிப்பணம் உள்ளே வருகிறது என்று ஊகிக்கலாம். ஊகம்தான், ஏனெனில் வீட்டிலிருந்தே துண்டுக் கூலிக்குத் தைக்கும் பெண்கள் பெரும்பாலான புள்ளிவிவரங்களில் தென்படுவதில்லை, அவர்களை நேரில் போய்த்தான் எண்ண வேண்டும். இரண்டாவது, ஊரார் தம் பணத்தை எந்தப் பொருளுக்காக வெளியூரில் செலவிடுகிறார்கள் என்ற கணக்கு. மூன்றாவது, கடைக்குக் கடை எடுக்கும் கணக்கெடுப்பு: வாடகை, முன்பணம், உரிமை யாருடையது, மேல்மாடியில் என்ன நடக்கிறது, காலையிலும் மாலையிலும் எத்தனை பேர் நடக்கிறார்கள்.

நீங்கள் மதுரைக்காரர் என்பதால் பயிற்சிக் களத்தைத் தேடி அலைய வேண்டியதில்லை. மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி அடுக்கடுக்காக அமைந்த வீதிகளில் தெற்கு ஆவணி மூல வீதியின் நகைக் கடைகளுக்கும் கீழமாசி வீதியின் மொத்தக் கடைகளுக்கும் வண்டி நிறுத்தமும் சரக்கு இறக்கும் நேரமும் ஒரே மாதிரியானவை அல்ல. நகை வாங்க வருபவர் நடந்து வருவார். மூட்டை நடந்து வராது. இரண்டு வீதிகளுக்கும் ஒரே நடைபாதை வடிவத்தை வரைந்து கொடுக்கும் திட்ட அறிக்கை எவ்வளவு அழகாக இருந்தாலும் அதைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்பது என் கருத்து.

கேள்வி: பேட்ரிக் கெடிஸ் என்ற அறிஞர் தஞ்சாவூருக்கு வந்து அறிக்கை எழுதினார் என்று கேள்விப்பட்டேன். இக்காலப் பயிற்சிக்கு அதில் பயனுள்ளது ஏதேனும் உண்டா?
– ஓய்வுபெற்ற நகராட்சி அலுவலர், தஞ்சாவூர்

பதில்: நிறைய உண்டு. உயிரியல் படித்து நகரியலுக்கு வந்த ஸ்காட்லாந்துக்காரரான கெடிஸை, அப்போதைய சென்னை ஆளுநர் பென்ட்லண்ட் பிரபு அழைத்தார். 1914இல் அவர் இந்தியா வந்தார். அவருடைய நகரக் கண்காட்சிப் பொருள்கள் தனிக் கப்பலில் வந்தன. அக்கப்பலை மூழ்கடித்தது வேறெதுவும் அன்று, முதல் உலகப் போரில் சென்னைமீது குண்டு வீசிய அதே ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன்தான். நண்பர்கள் மீண்டும் திரட்டி அனுப்பிய பொருள்களைக் கொண்டு 1915இல் சென்னையில் கண்காட்சி நடந்தது.

தஞ்சைக் கோட்டைப் பகுதியின் நெரிசலைத் தீர்க்க நேர்த்தெருக்களை வெட்டும் யோசனை அப்போது இருந்தது. கெடிஸ் சந்து சந்தாக நடந்து பார்த்துவிட்டு, பாழடைந்த சில வீடுகளை மட்டும் அகற்றி, அங்கங்கே சிறு வெளிகளை உண்டாக்கி, மரம் நட்டு, சந்துகளைத் தேவையான இடத்தில் மட்டும் அகலப்படுத்தினால் போதும் என்று காட்டினார். வீடிழப்போர் எண்ணிக்கையும் செலவும் குறையும் என்பது அவர் வாதம். கொசுவுக்கு அஞ்சிக் குளங்களைத் தூர்க்கும் வழக்கத்தையும் அவர் எதிர்த்தார். மீன் வளர்த்தால் ஆகாதா என்று கேட்டார். சிகிச்சைக்கு முன் நோயை அறிய வேண்டும் என்ற அவருடைய முறையைப் பாடத்திட்டங்கள் இன்றும் ஓதுகின்றன. ஓதுவதோடு நிற்காமல், ஒரு பருவம் முழுவதும் மாணவர்களை ஒரே வார்டில் நடக்கவிட்டால் தேவலை.

கேள்வி: எங்கள் வீதிக்குத் திட்டம் போடுபவர்கள் ஒரு நாள் வந்து படம் எடுத்துச் செல்கிறார்கள். அதன்பின் அவர்களைக் காண முடிவதில்லை. கடைவீதியை வளர்ப்பதற்கென்றே பயிற்சி பெற்ற ஒருவர் ஊரில் தங்கி வேலை செய்யும் முறை எங்காவது உண்டா?
– ஜவுளி வியாபாரி, கும்பகோணம்

பதில்: உண்டு. அமெரிக்காவில் நெடுஞ்சாலைகளும் புறநகர் வணிக வளாகங்களும் பெருகியபின் சிற்றூர்களின் மையக் கடைத்தெருக்கள் வெறிச்சோடின. வரலாற்றுக் கட்டடங்களைக் காக்கும் தேசிய அறக்கட்டளை 1977இல் கேல்ஸ்பர்க், மேடிசன், ஹாட் ஸ்பிரிங்ஸ் என்ற மூன்று ஊர்களில் ‘மெயின் ஸ்ட்ரீட்’ என்ற சோதனையைத் தொடங்கியது. ஊருக்கு ஒரு முழுநேர மேலாளரை அமர்த்தியது. கடை உரிமையாளர்களை ஒன்றுசேர்ப்பது, முகப்புகளைச் சீர்செய்வது, விழாக்களும் விளம்பரமும், எந்தத் தொழிலுக்கு இடம் இருக்கிறது என்று ஆராய்ந்து அதைக் கொண்டுவருவது ஆகிய நான்கு வேலைகளையும் ஒருங்கே செய்வது அங்கே உருவான முறை. பயன் தெரிந்ததும் 1980இல் தேசிய மையம் அமைத்து ஆறு மாநிலங்களுக்கு விரித்தார்கள். இப்போது அந்த அமைப்பு இப்பணிக்கென்றே பயிற்சியும் தொழில்முறைச் சான்றிதழும் வழங்குகிறது.

அந்த மேலாளர் வங்கியிடம் குறைந்த வட்டிக் கடனுக்குப் பேசுவார், பூட்டிய கடையின் உரிமையாளரைத் தேடிப் பிடிப்பார், எதிரெதிர்க் கடைக்காரர்களை ஒரே மேசையில் உட்கார வைப்பார். இவற்றை வகுப்பறையில் முழுவதும் கற்க முடியாது. அனுபவமுள்ள ஒருவரின் கீழ் ஊரில் இருந்து பழக வேண்டும். அம்முறையை அப்படியே இங்கே பெயர்த்து நடுவதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். அங்கே தெருவில் ஆளில்லாததே நோய். கும்பகோணத்திலோ நிற்க இடமில்லை. எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றே: பொறுப்பாளர் ஊரில் இருக்க வேண்டும், அவருக்குச் சம்பளம் இருக்க வேண்டும்.

கேள்வி: வீதியை அழகுபடுத்தும் ஒவ்வொரு முறையும் முதலில் அப்புறப்படுத்தப்படுபவர்கள் நாங்கள்தான். திட்டமிடுபவர்களுக்கு எங்களைப் பற்றிச் சொல்லித்தருவதில்லையா?
– நடைபாதை வணிகர், திருச்சி

பதில்: சட்டமே சொல்லித்தருகிறது, படித்தால். 2014ஆம் ஆண்டின் தெருவோர வணிகர் சட்டப்படி, கணக்கெடுப்பு முடிந்து விற்பனைச் சான்றிதழ் வழங்கும்வரை உங்களை அப்புறப்படுத்தக் கூடாது. தெருவோர வணிகத்தை முறைப்படுத்த அமைக்கப்படும் நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 விழுக்காட்டு இடங்கள் வணிகர்கள் தம்முள் தேர்ந்தெடுப்பவர்களுக்கு உரியவை. அவற்றில் மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கு. நடந்து போகிறவர் கண்ணில் படுவதே நடைபாதை வணிகத்தின் மூலதனம் என்பதால், அவர்களை மாடிக் கட்டடத்துக்கு ஏற்றும் யோசனையைச் சொல்லும் திட்ட அலுவலர் முதலில் ஒரு வாரம் அந்த மாடியில் கடை போட்டுப் பார்க்கட்டும்.

கேள்வி: இப்படிப்புக்கு வேலை கிடைக்குமா?
– ஒரு தந்தை, ஈரோடு

பதில்: தேவை இருக்கிறது, பணியிடங்கள் குறைவு. நாடு முழுவதும் மாநில நகரமைப்புத் துறைகளில் 12,000க்கும் மேற்பட்ட திட்ட வல்லுநர்கள் தேவைப்பட, அனுமதிக்கப்பட்ட இடங்கள் 4,000க்கும் குறைவு என்றும், அவற்றிலும் ஏறத்தாழப் பாதி காலி என்றும் நிதி ஆயோக் 2021இல் அறிக்கை வெளியிட்டது. பொருளாதார, சமூக வளர்ச்சிக்குத் திட்டமிடுவது 74ஆம் அரசியலமைப்புத் திருத்தத்தின் வழியே உள்ளாட்சிகளுக்கு ஒப்படைக்கத்தக்க 18 பணிகளுள் ஒன்று என்றாலும், அதற்கென்று அலுவலர் வைத்திருக்கும் நகராட்சி அரிது. எனவே உங்கள் மகனோ மகளோ தொடக்கத்தில் தனியார் ஆலோசனை நிறுவனத்திலோ தன்னார்வ அமைப்பிலோ சேர வேண்டியிருக்கலாம். சேரும் இடத்தில் களக் கணக்கெடுப்புக்கு அனுப்புவார்களா என்று முதலில் கேட்கச் சொல்லுங்கள். சம்பளத்தை இரண்டாவதாகக் கேட்கலாம்.