மொட்டமாடி கேள்வி பதில்: கத்திரி வாரத்து வானம்

மே மொத வாரம், பசங்களுக்கு லீவு, கரண்ட் போனா குடும்பமே பாயத் தூக்கிட்டு மாடிக்குப் போயிருது. அதனாலயோ என்னமோ இந்தத் தடவ வந்த கேள்வியெல்லாம் வானத்தப் பத்தியே இருக்கு.

அக்னி நட்சத்திரம்னு நெசமாவே ஒண்ணு இருக்குங்களா? பேரன் காட்டச் சொல்லி உசுர எடுக்கறான். (தாராபுரம் வாசகி)

அந்தப் பேர்ல தனியா ஒண்ணும் இல்லைங்க. பஞ்சாங்கக் கணக்குல சூரியன் பரணி மூணாம் பாதத்துல இருந்து ரோகிணி மொத பாதம் வரைக்கும் போற நாளுங்கதான் அது, நடுவுல கார்த்திகை வருது, அதுக்கு அதிதேவதை அக்னி, அவ்வளவுதான். இதுல வேடிக்க, மார்கழி ராத்திரில உச்சந்தலைக்கு மேல கொத்தா நிக்கற அந்தக் கார்த்திகை இந்த நாள்ல கண்ணுலயே படாது, சூரிய வெளிச்சத்துல மறைஞ்சிரும். ஆறு மாசம் கழிச்சுக் காட்டறேன்னு பேரன்கிட்ட வாய்தா வாங்கிக்குங்க.

நைட் ஷிஃப்ட் முடிச்சு விடியக்கால பல்லடம் ரோட்டுல வர்றப்ப எரிநட்சத்திரம் ஒண்ணு நீளமா கோடு போட்டுட்டுப் போச்சு. மே மாசத்துல இது சகஜமா? (திருப்பூர் வாசகர்)

குடுத்து வச்சவருங்க நீங்க. வருசா வருசம் மே 5, 6 தேதி வாக்குல ஈட்டா அக்வாரிட்ஸ்னு ஒரு எரிகல் பொழிவு வரும், நீங்க பாத்தது அதாத்தான் இருக்கணும். ஹாலி வால்நட்சத்திரம் போற வழியில உதுத்துட்டுப் போன தூசி, பாதியும் ராகி மணி அளவுகூட இருக்காது, ஆனா வினாடிக்கு 66 கிலோமீட்டர் வேகத்துல வந்து நம்ம காத்துல ஒரசறதால அந்த நீளக் கோடு. ராத்திரி மூணு மணில இருந்து வெளுக்கற வரைக்கும் கெழக்கப் பாத்து படுத்துக்கிட்டா போதும், நிலா இல்லாத வருசம்னா யோகம். அந்த ஹாலிய 1986ல எங்க தோட்டத்துக் களத்துல நின்னு பாத்தேன், பஞ்சப் பிச்சு ஒட்டுனாப்ல இருந்துச்சு, இதுக்கா இத்தன அலப்பறைன்னு எங்க அப்பாரு தூங்கப் போயிட்டாரு. அடுத்து அது 2061லதான்.

ஒரு வாரம் தோட்டத்துச் சாளையில இருக்கப் போறேன், டெலஸ்கோப்பெல்லாம் கிடையாது. என்ன பாக்கலாம்? (பொள்ளாச்சி, காலேஜ் மாணவர்)

கை போதும் தம்பி. கைய நீட்டி முஷ்டிய மடக்குனா ஒரு முஷ்டி சுமாரா 10 டிகிரி. நம்ம கொங்கு நாடு 11 டிகிரி அட்சரேகைய ஒட்டி இருக்கறதால, வடக்குல அடிவானத்துக்கு மேல ஒரு முஷ்டி ஒசரத்துல துருவ நட்சத்திரம், மங்கலாத்தான் இருக்கும், தென்னந்தோப்பு மறைச்சா தெரியாது. அப்படியே திரும்பி தெக்க பாருங்க, பத்து மணி வாக்குல ரெண்டு முஷ்டி ஒசரத்துல நாலு நட்சத்திரம் சிலுவையாட்டம் நிக்கும், தென்சிலுவை. டெல்லிக்காரங்களுக்கு அது அடிவானத்துப் புழுதியிலயே போயிரும், நமக்கு ஜம்முனு தெரியும். அதுக்கு எடதுபக்கம் ரெண்டு பிரகாசமான நட்சத்திரம், அதுல தள்ளி இருக்கறது ஆல்பா சென்டாரி, சூரியன விட்டா நமக்குப் பக்கத்து வீடு, 4.3 ஒளியாண்டு தூரம்.

வடக்குல சப்தரிஷி மண்டலம், அதோட வால் வளைவ அப்படியே இழுத்துட்டுப் போனா சுவாதி, இன்னும் போனா சித்திரை. வால்ல நடு நட்சத்திரம் வசிஷ்டர், ஒட்டுனாப்ல பொடியா இருக்கறது அருந்ததி. என் கல்யாணத்துல பகல் பன்னெண்டு மணிக்கு ஷாமியானாவக் காட்டி தெரியுதான்னு கேட்டாங்க, நானும் தெரியுதுன்னு தலையாட்டுனவன்தான்.

ஊட்டிப் பக்கம் போனா முத்தொரைல ரேடியோ டெலஸ்கோப்ப எட்டிப் பாருங்க, 530 மீட்டர் நீளம், சாய்வும் அதே 11 டிகிரி இருக்கற மலச்சரிவாத் தேடிப் புடிச்சுக் கட்டிருக்காங்க, பூமியோட அச்சுக்கு அது இணையா இருக்கறதால ஒரே அச்சுல சுத்தியே நட்சத்திரத்தத் தொரத்தலாம்.

மினுக்காம வேகமாப் போற வெளிச்சம் என்னதுங்க? (ஈரோடு வாசகர்)

சாட்டிலைட்டுங்க. ரொம்பப் பளிச்சுன்னு போனா சர்வதேச விண்வெளி நிலையமா இருக்கலாம், 400 கிலோமீட்டர் ஒசரம், ஒன்றரை மணி நேரத்துல ஒரு சுத்து. பொழுது சாஞ்சதும், விடியறதுக்கு முன்னாடியும் மட்டுந்தான் தெரியும்.

நிழல் இல்லாத நாள விட்டுட்டேன், இனி எப்ப? (கோவை வாசகி)

மத்தியானம் சூரியன் நேர் உச்சிக்கு வந்து நிழல் காலடியிலயே அடங்கிப் போற அந்த நாள் ஏப்ரல் 18, 19 வாக்குல போயிருச்சுங்க. அடுத்தது ஆகஸ்ட் 24 வாக்குல, மத்தியானம் பன்னெண்டு இருபதுக்கு மேல. அப்ப மேகம் மூடிக்கிட்டா என்னத் திட்டாதீங்க. ஒரு டம்ளரக் கவுத்தி வெயில்ல வச்சுட்டுக் காத்திருங்க.